டிராக்டர் சுற்றிப் போகட்டும்

பங்காருபாளையம்
ஏப்ரல் 6

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு யசோதா எழுதுவது.

இங்கே நானும் எங்கள் வீட்டுக்காரரும் பிள்ளை பிரபாகரும் சௌக்கியமாக இருக்கிறோம். திருப்பதியில் உங்கள் வீட்டுக்கார அண்ணனுக்குச் சளி என்றீர்களே, விட்டதா? துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுங்கள்.

இந்தக் கடிதத்தையும் ஆவக்காய் டப்பாவையும் பிரபாகர் கொண்டுவந்து தருவான். எண்ணெய் கசியாமல் மூன்று கவர் போட்டிருக்கிறேன். விமான நிலையத்தில் யாராவது கேட்டால் மருந்து என்று சொல்லிவிடுங்கள்.

தேவயானிக்கு இது முதல் பிரசவம். முறைப்படி நான் செய்ய வேண்டியது. மாங்காய்ச் சீசன், தோட்டத்தை விட்டு வர முடியாது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் அதையேதான் சொன்னேன். எனக்குப் பதிலாக நீங்கள் அவ்வளவு தூரம் போகிறீர்கள். இதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை போட்டால் போதாது.

எனக்கு ஓர் உதவி வேண்டும். போனில் அவள் சிரித்த முகத்தை மட்டும் காட்டுகிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார், நீங்களும் இருப்பீர்கள். உண்மையைக் கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. அதனால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டும். தபால் வந்துசேர எத்தனை நாளானாலும் பரவாயில்லை. நான் நகரியில் தமிழ் மீடியத்தில் படித்தவள், உங்கள் கையெழுத்து எப்படி இருந்தாலும் படித்துவிடுவேன்.

கால் வீங்குகிறதா? கீரை கிடைக்கிறதா? சரியாகத் தூங்குகிறாளா? கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்க வேண்டாம்: ஆபீசுக்கு அவள் எதில் போய் வருகிறாள்?

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

யசோதா


உட்ரெக்ட், நெதர்லாந்து
ஏப்ரல் 17

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு தாட்சாயணியின் வணக்கம்.

நாங்கள் மூவரும், வயிற்றில் இருப்பதோடு நால்வரும், நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க ஏழுமலையானை வேண்டுகிறேன். ஆவக்காயை யாரும் எதுவும் கேட்கவில்லை. டப்பா திறந்த அன்றே உங்கள் மாப்பிள்ளை ஹேமநாத் கால்வாசியைக் காலி செய்துவிட்டான்.

தேவயானி நன்றாக இருக்கிறாள். கால் வீக்கம் சாயங்காலம் கொஞ்சம் இருக்கிறது, காலையில் இல்லை. பசலைக்கீரை கிடைக்கிறது. இடது பக்கம் படுத்துத் தூங்குகிறாள்.

நான் பஸ் டிப்போ ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டைத்தான் பார்ப்பேன். இங்கே ரயில் நிலையத்துக்கு அடியில் மூன்று மாடிக்கு ஒரு டிப்போ இருக்கிறது. உள்ளே ஒரு பஸ்கூட இல்லை. முழுக்கச் சைக்கிள்! சைக்கிளில் ஏறியபடியே உள்ளே போகிறார்கள், எந்த வரிசையில் காலி இடம் என்று பலகை சொல்கிறது, நிறுத்திவிட்டு நேரே பிளாட்பாரத்துக்கு ஏறிவிடுகிறார்கள். ஹேமநாத் தினமும் இப்படித்தான் ஆம்ஸ்டர்டாம் போகிறான். அங்கே இறங்கினால் அங்கேயும் ஒரு சைக்கிள் வைத்திருக்கிறான். ஒரு மனிதனுக்கு இரண்டு ஊரில் இரண்டு சைக்கிள். நம் ஊரில் இப்படிச் சொன்னால் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் நாளே எனக்குத் திட்டு விழுந்தது. சிவப்பாக, வழவழப்பாகத் தரை போட்டிருந்தார்கள். நமக்காகத்தான் விரித்திருக்கிறார்கள் என்று நடுவில் நடந்தேன். பின்னாலிருந்து மணி அடித்து அடித்துக் காது போய்விட்டது. அது சைக்கிள் பாதையாம்.

தேவயானி ஆபீசுக்கு இங்கே எல்லோரும் போவது போலத்தான் போகிறாள். கவலைப்பட ஒன்றுமில்லை.

சம்பந்திக்கு என் நமஸ்காரம். பிரபாகரின் கடை எப்படி நடக்கிறது?

தாட்சாயணி


பங்காருபாளையம்
மே 1

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எல்லோரும் நலமென்று படித்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. இங்கேயும் குறையில்லை. வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. தோத்தாபுரி மா இந்த வருஷம் நல்ல காய்ப்பு. பிரபாகரின் செல்போன் கடையில் கூட்டம். பழுது பார்க்க வருகிறவர்களைவிட ஏசி காற்றுக்கு வருகிறவர்கள் அதிகம் என்கிறான்.

எல்லோரும் போவது போல என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் எப்படிப் போகிறார்கள்? பஸ்ஸா, ரயிலா?

ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தின்போது பிரபாகர் காலை இழுத்து நடப்பதைப் பார்த்து அண்ணன் கேட்டார். சின்ன வயசில் விழுந்தான் என்று சொல்லி முடித்துவிட்டோம். அவன் தானாக விழவில்லை.

இங்கே ஹைஸ்கூலுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. மெயின் ரோட்டைச் சுற்றாமல் மாங்காய் மண்டிக்குப் போக அதுதான் குறுக்குவழி. சீசனில் டிராக்டர்கள் எல்லாம் அதில்தான் போகும். அப்போது பிரபாகர் ஒன்பதாவது. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு சைக்கிளில் வந்தார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். எதிரே வந்த டிராக்டருக்கு அவள் ஒதுங்கிவிட்டாள். அவன் சுவரோரம் ஒதுங்கியும் டிராலி இடித்துவிட்டது. ஆப்பரேஷன் மேல் ஆப்பரேஷன். அவன் எழுந்து நடக்க இரண்டு வருஷம் ஆனது.

அந்த வாரமே இரண்டு சைக்கிளையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன். போன வருஷம் வீடியோவில் பேசும்போது அவளுக்குப் பின்னால் ஹாலில் ஒரு சைக்கிள் ஹேண்டில் தெரிந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையில் இனித் தொடமாட்டேன் என்று தம்பி மேல் சத்தியம் செய்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

யசோதா


உட்ரெக்ட்
மே 13

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பிரபாகர் விஷயம் படித்து அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவ்வளவு கஷ்டத்துக்குப் பிறகும் சிரித்த முகமாக இருக்கிற பிள்ளை. என் ஆசிகளைச் சொல்லுங்கள்.

தேவயானிக்குப் பிரசவ லீவு அடுத்த வாரம் ஆரம்பிக்கிறது. ஆகவே ஆபீஸ் போவது பற்றிய கவலை தீர்ந்தது.

எனக்குப் பொழுது போக வேண்டுமே, தினமும் தெருமுனையில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறேன். இங்கே ஜனங்கள் நம்மைவிடப் பொறுமைசாலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்களுக்கும் அவசரம்தான், இவர்களும் முணுமுணுக்கிறார்கள். ரோடு போட்ட விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. எங்கள் தெருவின் குறுக்கே இரண்டு தூண் நட்டிருக்கிறார்கள். சைக்கிளும் ஆளும் நுழையலாம், கார் நுழைய முடியாது. ஒரு கிலோமீட்டரில் இருக்கிற மார்க்கெட்டுக்குச் சைக்கிள் நேரே போகும். கார் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்புறம் எவன் காரை எடுப்பான்? எடுத்தாலும் வீடுகள் இருக்கிற தெருவில் வேகம் முப்பதுக்கு மேல் கூடாது.

நாற்சந்திகளில் மூலையை வளைத்து ஒரு மேடு வைத்திருக்கிறார்கள். திரும்புகிற கார்க்காரன் மெதுவாக வளைந்துதான் ஆக வேண்டும். வளையும்போது சைக்கிளில் வருகிறவர் அவன் கண்ணுக்கு நேராக இருப்பார். எங்கள் டிப்போ டிரைவர்கள் பாதிப்பேர் விபத்துக்குப் பிறகு, "மேடம், பக்கத்துல வந்தது தெரியவே இல்ல" என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். இங்கே அப்படி எழுத முடியாது.

பக்கத்து வீட்டில் ஹன்னெகே என்று ஓர் அம்மாள். எழுபது தாண்டியும் சைக்கிளில்தான் காய்கறி வாங்கப் போகிறார். "உங்கள் ஊர் எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவர் இளவயதில் இங்கேயும் ஒரே கார் மயமாம். இதே ஊரில் பழைய அகழியை மூடிக் கார் ரோடு போட்டார்களாம். நாடு முழுக்கப் பிள்ளைகள் அடிபட்டு அடிபட்டுச் செத்தார்கள். கடைசியில் தாய்மார்களும் பிள்ளைகளும் தெருவில் இறங்கி ரோட்டை மறித்தார்களாம். இவரும் கைக்குழந்தையோடு போனாராம். மாறப் பல வருஷம் ஆனது என்றார். அந்த அகழியைக்கூடத் திரும்பத் தோண்டித் தண்ணீர் விட்டுவிட்டார்கள். இப்போது வாத்து நீந்துகிறது.

சம்பந்தியை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தாட்சாயணி


பங்காருபாளையம்
மே 25

சம்பந்தியம்மாவுக்கு,

நாங்கள் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ரோட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

யசோதா


உட்ரெக்ட்
ஜூன் 3

யசோதாவுக்கு,

எல்லோரும் நலம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மீதியை அந்தத் தைரியத்தோடு படி. வயதில் பெரியவள் என்ற உரிமையில் பெயர் சொல்லி எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

அவள் சைக்கிளில்தான் போனாள். லீவு எடுக்கும்வரை தினமும்.

நான் வந்த இரண்டாம் நாளே பார்த்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெரிய சைக்கிளை வெளியே எடுக்கிறாள். "இன்னாம்மா இது?" என்று கத்தினேன். "அத்த, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. கை கூப்பிக் கேக்கறேன்" என்றாள். நான் என்ன செய்வேன்? அந்த வாரம் வந்த மருத்துவச்சியைக் கேட்டேன். அவளும் சைக்கிளில்தான் வந்திருந்தாள்! தடுமாற்றம் இல்லாதவரை ஓட்டலாம், தடுமாறினால் அவளே நிறுத்திவிடுவாள் என்றாள். அப்படியும் என் மனம் ஆறவில்லை.

லீவுக்கு முந்தின நாள் நானும் ஹன்னெகேயின் சைக்கிளை வாங்கிக்கொண்டு அவளுடன் போனேன். கல்யாணத்துக்கு முன் புத்தூரில் ஓட்டியது. ஆரம்பத்தில் தடுமாறினேன், அப்புறம் கால் தானாக ஞாபகப்படுத்திக்கொண்டது. ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கால்வாய், நடுவில் சிவப்புப் பாதை. கார் ரோட்டுக்கும் நமக்கும் நடுவில் புல்வரிசை. எங்கள் முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், அவளுக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர், பக்கத்தில் மூன்று சக்கரச் சைக்கிளில் கால் வராத ஒருவர். சந்தடியே இல்லை. அவள் என்னோடு பேசிக்கொண்டே வந்தாள். வழி முழுக்கப் பேசியது எல்லாம் உன்னைப் பற்றித்தான். மண்டியில் எடைக்கல்லைத் திருப்பிக் காட்டச் சொல்லி நீ எடை மோசடியைப் பிடித்த கதை, தம்பியைத் தூக்கிக்கொண்டு நீ வேலூர் ஆஸ்பத்திரிப் படி ஏறின கதை.

"அப்பறம் ஏம்மா அம்மாவ வரச் சொல்லல?" என்று கேட்டேன். "அம்மா வந்தா கதவப் பூட்டிக்கினு சாவிய முந்தானைல முடிஞ்சிக்குவாங்க அத்த. இங்க நான் யாரையும் எதிர்பாக்காம என் இஷ்டத்துக்குப் போறேன், வர்றேன். அத அம்மாவுக்காக விட முடியல. அம்மாவையும் விட முடியல" என்றாள்.

நீ வராமல் இருந்தது மாங்காய்க்காக அல்ல, அவள் வேண்டாம் என்றதால் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ அங்கே தூங்கமாட்டாய், எழுதாவிட்டால் இங்கே நான் தூங்கவில்லை. கோபம் இருந்தால் திட்டி எழுது. ஆனால் எழுது.

தாட்சாயணி


உட்ரெக்ட்
ஜூன் 21

அன்புள்ள யசோதா,

தாயும் சேயும் சுகம். எல்லாம் போனில் பார்த்துவிட்டாய். இருந்தாலும் எழுத்தில் ஒரு தடவை எழுதினால்தான் எனக்குத் திருப்தி. பெண் குழந்தை, நல்ல எடை, உன் மூக்கு. லாஸ்யா என்று பெயர் வைக்கப் போகிறார்கள்.

பிரசவம் ஆனதும் ஒரு வாரத்துக்கு வீட்டுக்கே ஒரு நர்ஸ் வந்து எல்லாம் செய்து கொடுக்கிறாள். அவள் வேலையையும் சேர்த்துச் செய்து நான் அவளை விரட்டப் பார்த்தேன், அவள் அசையவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே சர்க்கரை தரும் வழக்கம் கிடையாது. ரொட்டியில் வெண்ணெய் தடவி, வெள்ளையும் ரோஸுமாகச் சோம்பு மிட்டாய் தூவித் தருகிறார்கள். ஹன்னெகே அம்மாள் நான்கு தின்றார்.

போனில் நீ பால் சுரக்கிறதா என்று கேட்டாய், பூண்டு கொடு என்றாய், குழந்தையின் காதைப் பார்க்க வேண்டும் என்றாய். நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதம் வரவில்லையா, இல்லை, வந்து நீ பேசவில்லையா என்று தெரியவில்லை. தேவயானியும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஜன்னல் பக்கம் போய் நிற்கிறாள். நான் உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "நல்லதாப் போச்சு" என்றாள், அப்புறம் அழுதாள்.

ஜூலை எட்டாம் தேதி எனக்கு விசா முடிகிறது. ஊருக்கு வந்துவிடுவேன்.

சம்பந்திக்குத் தாத்தாவானதற்கு வாழ்த்து.

தாட்சாயணி


பங்காருபாளையம்
ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

இதைத் திருப்பதி விலாசத்துக்கே போடுகிறேன். உங்களுக்கு முன்னால் கடிதம் வீடு போய்ச் சேர்ந்துவிடும். நல்லபடியாக வந்து இறங்கினீர்களா? கால் வலி இருக்கிறதா? இங்கே எல்லோரும் சுகம், நிஜமாகவே சுகம்.

உங்கள் கடிதம் ஜூன் பாதியில் வந்தது. படித்ததும் வந்த கோபத்தில் மடித்து அரிசி டிரம்மில் போட்டுவிட்டேன். அவள் மேல் கோபம், உங்கள் மேல் கோபம். அதைவிட, என் பெண் என்னை ஏன் வர வேண்டாம் என்றாள் என்று அடுத்தவர் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற கோபம். குழந்தை பிறந்தது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். கோபம் மட்டும் போகவில்லை.

பள்ளிக்கூடம் திறந்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் கால் தானாக அந்தச் சந்துக்குப் போய்விட்டது. இத்தனை வருஷமாக நான் அந்தப் பக்கம் தலை காட்டியதில்லை. நின்று பார்த்தேன். டிராக்டர் வருகிறது, பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறார்கள், போனதும் சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள். அடுத்தது வருகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறார்கள். எல்லாம் அப்படியே இருக்கிறது அண்ணி. நான் வீட்டில் இருந்த இரண்டு சைக்கிளைத் தூக்கிப் போட்டேன், அந்தச் சந்துக்கு ஒன்றுமே செய்யாமல் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதற்கு முந்தினதையும் படித்தேன். அந்த இரண்டு தூண்.

பள்ளியில் மத்தியானச் சாப்பாடு செய்கிற பச்சையம்மாளிடம் சொன்னேன். இரண்டு பேரும் பஞ்சாயத்துத் தலைவர், எங்கள் சர்பஞ்ச் ரமணாவிடம் போனோம். "சூஸ்தாம்மா" என்றார். தெலுங்கில் பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்பது எங்கள் ஊருக்கே தெரியும். ஆகவே அடுத்த திங்கட்கிழமை பள்ளி நேரத்துக்கு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள், காலி மாங்காய்க் கிரேட்களைச் சந்தின் குறுக்கே அடுக்கிவிட்டு நின்றோம். பிள்ளைகள் போக மட்டும் இடம் விட்டோம். உங்கள் ஹன்னெகே அம்மாளை நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்த டிராக்டர் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டுக்காரர்!

"இன்னா யசோதா இது? ஊரே சிரிச்சிக்கினு கீது" என்றார்.

"சிரிக்கட்டும். வண்டியத் திருப்பு."

"லோடு டிராலிய இந்தச் சந்துல எப்டித் திருப்பறது?"

"எப்டியோ திருப்பு. மெயின் ரோட்டச் சுத்திப் போ. பின்னால நிக்கறவங்களையும் சுத்திப் போவச் சொல்லு."

"காய் வெயில்ல வதங்கிப் பூடும்டி!"

"காய் வதங்கினா பரவால்ல."

அவர் இஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அதற்குள் விஷயம் கேள்விப்பட்டுப் பிரபாகர் கடையிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். கிரேட்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நேரே டிராலிக்குப் பின்னால் போய் நின்று, "நைனா, ரிவர்ஸ்ல வா, நான் சொல்றேன். லெப்ட்ல ஒடி, இன்னும் ஒடி" என்று கை காட்ட ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு டிராக்டராக அவனே பின்னால் எடுத்து விட்டான். ஒரு டிரைவர் திட்டினான். இவன் அவனுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துத் திருப்பி அனுப்பினான்.

மூன்று நாள் இப்படி நடந்தது. நாலாம் நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்காரரைக் காணோம். தோட்டத்து வேலியிலிருந்து மூன்று கல்தூணைப் பிடுங்கி டிராலியில் போட்டுக்கொண்டு போய், சந்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுத்தூணை மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி வைத்துப் பூட்டுப் போட்டிருக்கிறார், ஆம்புலன்ஸ் வந்தால் திறக்க. சாவி பச்சையம்மாளிடம். கடைசியில் சர்பஞ்சும் வந்து தூண் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

மண்டிக்காரர்கள் சிலருக்கு இன்னும் என் மேல் வருத்தம்தான். டிராக்டர் சுற்றிப் போகட்டும், பிள்ளைகள் நேரே போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பிரபாகர் அந்தப் போட்டோவை அக்காவுக்கு அனுப்பிவிட்டான். அவள் உடனே போன் செய்தாள். "எப்பம்மா வர?" என்றாள். நான், "உங்க ஊரு சாவிய எல்லாம் முடிய என் முந்தானை பத்தாதுடி" என்றேன். இரண்டு பேரும் சிரித்து, அழுது, குழந்தையை எழுப்பிவிட்டோம்.

விசாவுக்கு எழுதிப் போட்டாயிற்று. அண்ணனுக்கு என் வணக்கம்.

உங்கள் யசோதா


திருப்பதி
ஜூலை 24

அன்புள்ள யசோதா,

இங்கே இருவரும் நலம். போன ஞாயிறு உங்கள் வீட்டில் சாப்பிட்ட மாம்பழத்தால் எனக்குச் சூடு பிடித்துக்கொண்டது, அது ஒன்றுதான் குறை. தூண்களை நேரில் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சம்பந்தி கொஞ்சம் சாய்வாக நட்டிருக்கிறார் என்பதை அவரிடம் சொல்லிவிடாதே.

ஓர் அசட்டுத்தனம் செய்தேன். இவரை நச்சரித்து ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். உட்ரெக்டில் ஓட்டியவள் அலிபிரி ரோட்டில் ஓட்டமாட்டேனா என்ற மிதப்பு. எங்கள் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தேன். ஒரு பக்கம் ஜீப், ஒரு பக்கம் ஆட்டோ, பின்னால் பஸ். பஸ் எங்கள் டிப்போ பஸ்தான், டிரைவர் என்னைத் தெரிந்தவர். "மேடம், எந்துக்கு மேடம் மீக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்கிறார். இறங்கி உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதே கால், அதே தாட்சாயணி. ரோடு வேறு. இப்போது விடியற்காலையில் தெருவுக்குள் மட்டும் ஓட்டுகிறேன். இவர் வாசலில் நின்று காவல் காக்கிறார்.

நீ போகும் முன் மூன்று விஷயம். சிவப்புத் தரையில் நடக்காதே. மழைக்குக் குடை எடுக்காதே, காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும், கோட்டுப் போடு. தேவயானி வெளியே கிளம்பும்போது ஜன்னலில் நின்று பார்க்காதே. நான் பார்த்தேன், அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றிவிடுகிறது.

பத்திரமாகப் போய் வா.

தாட்சாயணி


உட்ரெக்ட்
செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் தேவயானியும் மாப்பிள்ளையும் லாஸ்யாவும் சுகம். அண்ணனுக்கு முட்டி வலி என்று மாப்பிள்ளை சொன்னார். நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள். பிரபாகரும் எங்கள் வீட்டுக்காரரும் ஊரில் தினமும் முட்டைக்குழம்பே செய்து தின்கிறார்களாம்.

வந்த நாளிலிருந்து சிவப்புத் தரையில் மூன்று தடவை திட்டு வாங்கினேன். உங்களை மிஞ்சிவிட்டேன். ஜன்னலில் நிற்கவில்லை. முதல் வாரம் அவள் கடைக்குக் கிளம்பினால் சமையலறைக்குப் போய் எதையாவது நறுக்குவேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் வெங்காயம்.

நேற்று நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். இவர்கள் ஒரு பெட்டி வைத்த சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். முன்னால் மரப்பெட்டி, அதில் குழந்தை நாற்காலியைப் பெல்ட் போட்டுக் கட்டிவிடலாம், எதிரே ஒரு பெஞ்ச். ஹன்னெகே அம்மாளின் மகள் வீட்டில் காபிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், ஊரின் அந்தக் கோடியில். மாப்பிள்ளை ஆபீசில். "பஸ்ல போலாம்மா" என்றாள் தேவயானி. எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. நான் போய்ப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு ஏறி மிதித்தாள்.

முதல் திருப்பம்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். லாஸ்யாவின் காலை இறுக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, சிணுங்கினாள். அதற்காகக் கண்ணைத் திறந்தேன். குழந்தை மேலே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தது. அதற்கு மேலே என் பெண்ணின் முகம். வேர்த்துக் களைத்து, தலை கலைந்து, போனில் நான் ஒரு நாளும் பார்க்காத முகம் அண்ணி. எனக்காகச் சிரிக்காத முகம். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மிதிக்கிறாள்.

ஒரு இடத்தில் பெரிய பஸ் ஒன்று எங்களுக்காக நின்றது. எனக்குப் பழக்க தோஷம், எழுந்து டிரைவருக்குக் கும்பிடு போட்டேன். அவர் பதிலுக்குக் கையசைத்தார். "அம்மா! கைய உள்ள வெய்யி, உக்காரு" என்று ஒரு அதட்டல். சின்ன வயசில் நான் அவளை அதட்டிய அதே குரல்.

காபி குடித்து, நிறையப் பேசி, திரும்பி வந்தோம். வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். வண்டி நின்றது. நான் இறங்கவில்லை.

"இன்னாம்மா, கால் மரத்துப் போச்சா?" என்றாள்.

"இல்லடி. கொழந்த இப்பதான் அசந்து தூங்கிக்கினு கீது. எறக்கினா முழிச்சிக்கும். அந்தத் தண்ணிக் கரையோரமா இன்னொரு தபா போய்ட்டு வா."

லாஸ்யா தூங்கவில்லை. கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் இருந்தாள். தேவயானி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பினாள்.

உங்கள் யசோதா